கணக்குத் தெரிந்த வாடிக்கையாளர் நமக்குப் பகையா?

2025 செப்டம்பர் 22-ஆம் தேதி ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறியபோது நமது கடைகளில் நடந்த வாக்குவாதங்களை அன்பர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சோப்பு, ஷாம்பு, பற்பசை, பிஸ்கட் ஆகியவற்றுக்கு 18 சதவீதமாக இருந்த வரி 5 சதவீதமாயிற்று. நெய்க்கும் வெண்ணெய்க்கும் 12 என்பது 5 ஆயிற்று. செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு வந்த வாடிக்கையாளர்கள், "பதினெட்டில் ஐந்து போனால் பதின்மூன்று. அண்ணாச்சி, 118 ரூபாய்ச் சரக்குக்கு நூற்றுக்குப் பதின்மூன்று வீதம் 15 ரூபாய் குறைய வேண்டுமே, நீங்கள் 13 ரூபாய்தானே குறைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். மிச்சம் இரண்டு ரூபாயைக் கடைக்காரர் அமுக்கிக்கொண்டார் என்பது அவர்கள் எண்ணம்.

கடைக்காரர் அமுக்கவில்லை. வரியில்லாத விலை 100. அதன்மேல் 18 போட்டால் 118, 5 போட்டால் 105. குறைவது 13 ரூபாய். அந்த 13 ரூபாய் 118-இல் எத்தனை சதவீதம் என்று பார்த்தால் 11 தான் வரும். ஆனால் இதை எடுத்துச் சொல்லக் கடைக்காரருக்கும் தெரியவில்லை. "வரி போட்டவர்களிடம் போய்க் கேளுங்கள்" என்று சிலர் சொல்லிவிட்டார்கள். வாங்குபவருக்கும் கணக்குத் தெரியவில்லை, விற்பவருக்கும் விளக்கத் தெரியவில்லை. இடையில் கெட்டது நமது பெயர்.

இதை நமது ஊர் மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியரிடம் பேச்சுவாக்கில் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, "இந்தக் கணக்கை எட்டாம் வகுப்பிலேயே நடத்திவிடுகிறோமே, அண்ணாச்சி!" என்றார். புத்தகத்தையும் எடுத்துக் காட்டினார். உண்மைதான். 2019-இல் வந்த எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் 'வாழ்வியல் கணிதம்' என்றே ஓர் இயல் இருக்கிறது. சதவீதம், இலாப நட்டம், தள்ளுபடி, ஜி.எஸ்.டி., கூட்டு வட்டி எல்லாம் அதில் உண்டு. ஆறாம் வகுப்பிலேயே பட்டியல் எழுதும் கணக்கு வந்துவிடுகிறது. பிறகு ஏன் கடை வாசலில் பிள்ளைகள் விழிக்கிறார்கள் என்று கேட்டோம். "புத்தகத்தில் எல்லாக் கணக்கிலும் அடக்க விலையும் விற்ற விலையும் கொடுத்திருக்கும். கடையில் எதுவும் கொடுத்திருக்காது. எதை எதால் வகுப்பது என்று பிள்ளையே கண்டுபிடிக்க வேண்டும். நீங்களே வந்து சொல்லிக் கொடுங்களேன்" என்றார்.

அப்படித்தான் நாமும் சங்க அன்பர்கள் மூவரும் சேர்ந்து, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமை தோறும் கடைசிப் பாடவேளையில் ஆறு வாரம் கடைக் கணக்கு நடத்தினோம். நாம் படித்தது பள்ளி இறுதி வகுப்பு வரை. கரும்பலகை முன் நிற்கக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு கோணிப்பை நிறைய காலிப் பொட்டலங்களும், ஒரு தராசும், பழைய பில் கட்டும் கையில் இருந்ததால் பேச்சுக்குப் பஞ்சம் வரவில்லை.

பொட்டலம் பேசும் கணக்கு

முதல் நாள் பொட்டலங்களை ஆளுக்கொன்று கொடுத்து, ஒரு கிலோவுக்கு என்ன விலை ஆகிறது என்று எழுதச் சொன்னோம். பாதிப் பேர் எம்.ஆர்.பி.யை அப்படியே எழுதிவிட்டார்கள். நிகர எடை என்று ஒன்று அச்சாகியிருப்பதையே அவர்கள் அதுவரை கவனித்ததில்லை. ஒரு கிராமுக்கு இன்ன விலை என்று பாக்கெட்டின் மேலேயே போட வேண்டும் என்பது 2021-இல் பொட்டலச் சரக்கு விதிகளில் செய்த திருத்தத்தால் வந்தது. இன்ன சரக்கை இன்ன எடையில்தான் கட்ட வேண்டும் என்று முன்பிருந்த பட்டியல் நீங்கியதும் அதே திருத்தத்தால்தான். ஆகவே இன்று எந்த எடையிலும் பொட்டலம் வரலாம். கிராமுக்கு 0.25 ரூபாய் என்று போட்டிருந்தால் கிலோ 250 ரூபாய் என்று ஆகிறது. இது ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும், எந்தக் கடையிலும் எந்தப் பொட்டலத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுவிடலாம்.

அடுத்து, பத்து ரூபாய் பிஸ்கட். நூறு கிராம் இருந்த பொட்டலம் அதே பத்து ரூபாய்க்கு எண்பது கிராம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொண்டு, விலை எத்தனை சதவீதம் ஏறியது என்று கேட்டோம். "ஏறவில்லை, பத்து ரூபாய்தானே" என்றான் ஒருவன். "இருபது" என்றார்கள் பலர். கிலோ நூறு ரூபாய்க்கு விற்றது நூற்று இருபத்தைந்து ஆகியிருக்கிறது, ஏற்றம் 25 சதவீதம் என்று கடைசி வரிசையில் ஒரு பையன் சொன்னான். விசாரித்ததில் அவன் மாலையில் மாமா கடையில் பொட்டலம் கட்டுகிறவன்.

இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்பது பாதி விலை அன்று, மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. ஐம்பது சதவீதத்துக்கு மேல் இன்னும் இருபது தள்ளுபடி என்றால் எழுபது அன்று, அறுபது. இவற்றைப் பிள்ளைகள் வேகமாகப் பிடித்துக்கொண்டார்கள். துணிக்கடை விளம்பரங்களை அடுத்த வாரம் அவர்களே வெட்டிக்கொண்டு வந்தார்கள்.

பெரிய பொட்டலம் எப்போதும் மலிவு என்று வகுப்பில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். நம் அன்பர்களுக்குத் தெரியும், ஷாம்புவில் அது பல நேரம் பொய்த்துப் போகும். சாஷே பாக்கெட்டில் ஷாம்பு விற்பதற்கு வழிகாட்டியவர் நமது கடலூர்க்காரரான சின்னிகிருஷ்ணன். ஏழை வீட்டுக்கும் ஷாம்பு போகட்டும் என்று சிறு பொட்டலம் போட்டார். இன்றைக்கும் பல கம்பெனிகளின் ஷாம்பு, பாட்டிலைவிடச் சாஷேயில் மில்லிக் கணக்குக்கு மலிவாக விழுகிறது. பிள்ளைகளையே வகுத்துப் பார்க்கச் சொன்னோம். இரண்டு முறை வகுத்துப் பார்த்தும் நம்பாமல், டீச்சரிடம் கொடுத்துச் சரிபார்த்தார்கள்.

எண்ணெயில் இன்னொரு குழப்பம். லிட்டரும் கிலோவும் ஒன்றென்று நினைத்திருந்தார்கள். ஒரு லிட்டர் கடலை எண்ணெய் ஏறத்தாழ 910 கிராம்தான் நிற்கும். ஆகவே 15 லிட்டர் டின்னுக்கும் 15 கிலோ டின்னுக்கும் ஏறத்தாழ 1.35 கிலோ வித்தியாசம். டின் இரண்டும் ஒரே உயரம் போலத் தெரியும். கல்யாண வீட்டுக்கு ஐந்து டின் வாங்குகிறவர் இதைக் கேட்காமல் வாங்கினால் ஆறேமுக்கால் கிலோ போயிற்று. நமது சில்லறை அன்பர்களிலேயே சிலர் டின் விலையை மட்டும் கேட்டு வாங்கிப் போவதை நாம் தினமும் பார்க்கிறோம்.

அரிசி மூட்டையும் இப்படித்தான். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான, பெயர்ச்சீட்டு ஒட்டிய அரிசிப் பைக்கு 5 சதவீதம் வரி வந்தது. அதன் பிறகு 26 கிலோ பைகள் சந்தைக்கு வந்தன. பழக்கத்தில் மூட்டை விலையை மட்டும் பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டும் 1,300 ரூபாய் என்றால் ஒன்றில் கிலோ 52, மற்றதில் 50.

நமது தகப்பனார் காலத்துக் கணக்கு

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த கணக்கு டீச்சர், "கால்குலேட்டர் இல்லாத காலத்தில் எப்படிச் சமாளித்தீர்கள்?" என்று கேட்டார்கள். நாம் படித்தது நயா பைசாவும் கிலோவும் வந்த பிறகு. நமது தகப்பனார் திண்ணைப் பள்ளியில் எண்சுவடி மனப்பாடம் செய்தவர். முக்கால், அரை, கால், அரைக்கால், மாகாணி என்று முந்திரி வரை வாய்ப்பாடு உண்டு. மாகாணி என்றால் பதினாறில் ஒரு பங்கு, முந்திரி முந்நூற்று இருபதில் ஒரு பங்கு. ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு தம்பிடி. எட்டுப் பலம் ஒரு சேர், ஐந்து சேர் ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணங்கு. மூன்றே முக்கால் வீசை மிளகாய் வற்றல் வீசை ஒன்றேகால் ரூபாய் என்றால், வாடிக்கையாளர் பையை விரிப்பதற்குள் நாலு ரூபாய் பதினோரணா என்று சொல்லி முடித்துவிடுவார். 1957 ஏப்ரல் 1-இல் நூறு காசு ரூபாய் வந்தபோது, கணக்கு எளிதாகிவிட்டது, இனிப் பிள்ளைகளுக்கு மனக்கணக்கு போய்விடும் என்று வருத்தப்பட்டாராம். அவர் வருத்தம் அப்போது பலிக்கவில்லை. ஆனால் 2016-இல் யு.பி.ஐ. வந்து, ஒவ்வொரு கடையிலும் கட்டம் போட்ட அட்டை தொங்கத் தொடங்கியபின் பலித்துவிட்டது. சில்லறையைக் கையால் தொடாத தலைமுறை வந்துவிட்டது. 137 ரூபாய் பில்லுக்கு 500 ரூபாய்த் தாளை நீட்டினால் மீதி எவ்வளவு என்று ஒன்பதாம் வகுப்பில் கேட்டபோது, தாள் எடுத்துக் கழிக்கத் தொடங்கினார்கள். கடைப் பையன் கழிக்க மாட்டான். 137-க்கு மூன்று வைத்தால் 140, அறுபது வைத்தால் 200, முந்நூறு வைத்தால் 500 என்று மேல்நோக்கி எண்ணிக் கையில் வைத்துவிடுவான். இதைக் காட்டியதும் வகுப்பே கைதட்டியது. நமக்கு ஆச்சரியமாக இருந்தது.

நிற்க. சில்லறை என்றதும் ஒரு மாணவி எழுந்து, "மீதிக்கு மிட்டாய் கொடுக்கிறீர்களே தாத்தா, அதே மிட்டாயை நாங்கள் கொண்டுவந்தால் சாமான் தருவீர்களா?" என்று கேட்டாள். நாம் மொத்த வியாபாரம், மிட்டாய்க் கேள்வி நமக்கு இல்லை. கூட வந்திருந்த சில்லறை அன்பர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சர்க்கரை மூட்டை

மூன்றாவது வாரம் அடக்க விலைக் கணக்கு. சங்கத்தில் இதற்கு எதிர்ப்பு இருந்தது. "அடக்க விலையைப் பிள்ளைகளிடம் சொன்னால் நாளைக்கு அப்பனும் மகனும் சேர்ந்து வந்து பேரம் பேசுவார்கள்" என்றார் ஒரு மூத்த உறுப்பினர். நாம் நேர்மாறாக நினைத்தோம். வட்டமான விலைகளை வைத்து இந்தக் கணக்கைக் கொடுத்தோம்.

சர்க்கரை 50 கிலோ மூட்டை வரி உட்பட 2,100 ரூபாய், அதாவது கிலோ 42. கடையில் விற்பது 44. கடைக்காரருக்கு இலாபம் எவ்வளவு? கிலோவுக்கு இரண்டு ரூபாய், மூட்டைக்கு நூறு ரூபாய், ஏறக்குறைய ஐந்து சதவீதம் என்று எல்லோரும் எழுதினார்கள். புத்தகக் கணக்கில் அதுதான் சரியான விடை.

பிறகு ஒவ்வொன்றாக எழுதினோம். வண்டிக் கூலியும் இறக்குக் கூலியும் 20 ரூபாய். ஆக 2,120. சாக்கின் எடை, சிந்தல், ஒவ்வொரு நிறுவையிலும் கூடுதலாக விழும் நாலு மணி, எல்லாம் சேர்ந்து அரைக் கிலோ. விற்பது 49.5 கிலோ. கிடைப்பது 2,178. மிச்சம் 58 ரூபாய். பொட்டலம் கட்டக் கவர் 25 ரூபாய். நிற்பது 33. முதலுக்கு ஒன்றரை சதவீதத்துக்குச் சற்று மேல். இன்னும் கடை வாடகை, கரண்ட், கடைப் பையன் சம்பளம் எதையும் எழுதவில்லை. கடன் நோட்டில் எழுதிக்கொண்டு போனவர் அடுத்த மாதம் கொடுத்தால் அந்த 33-இலும் ஓட்டை. "அப்படியென்றால் எதற்கு அண்ணாச்சி சர்க்கரை விற்கிறீர்கள்?" என்று கேட்டான் ஒருவன். சர்க்கரை வாங்க வருகிறவர் கூடவே டீத்தூளும் சோப்பும் வாங்குவார் என்பதற்காக என்றோம். பெரிய கடைகள் சர்க்கரையை அடக்கத்துக்கும் கீழே விலை போட்டு விளம்பரம் செய்வது இதற்காகத்தான் என்பதையும் சொன்னோம். அங்கே போகிறவர் மற்றச் சாமான்களின் கிலோ விலையையும் பார்த்து வாங்கட்டும். கூட்டிப் பார்த்தபின் அங்கேயே மலிவு என்றால் அங்கேயே வாங்கட்டும், அதில் நமக்கு மனத்தாங்கல் இல்லை. பத்து நிமிடத்தில் வீட்டுக்கு வரும் சாமானுக்கும் இதே கணக்குத்தான். 180 ரூபாய்ச் சரக்கின் மேல் கொண்டுவரும் கூலி 25, கையாளும் கட்டணம் 10 என்று ஏறினால் 215 ஆகிறது. பில்லின் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிக்கச் சொல்லிக் கொடுத்தோம்.

இலாப சதவீதம் பற்றியும் ஒரு வார்த்தை. புத்தகம் அடக்க விலையின் மேல் சதவீதம் போடுகிறது. கம்பெனி விற்பனையாளர் நம்மிடம் பெரும்பாலும் விற்பனை விலையின் மேல் சொல்கிறார். நூறு ரூபாய் முதலுக்கு இருபது என்றால் முதலின்மேல் இருபது சதவீதம், விற்பனையின்மேல் பதினாறு புள்ளி ஆறு ஏழு. எந்த நூற்றுக்கு எத்தனை என்று கேட்காமல் சதவீதம் பேசக் கூடாது. இது பிள்ளைகளைவிட நம் உறுப்பினர்களில் புதிதாகக் கடை வைத்தவர்களுக்கு அதிகம் தேவைப்படும் பாடம்.

தண்டல்

ஐந்தாவது வாரம் வட்டி. நூறு நாள் தண்டலை எடுத்துக்கொண்டோம். பத்தாயிரம் என்று பெயர், ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்பதாயிரம் கையில் கொடுப்பார்கள். தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் வசூல். வட்டி எவ்வளவு என்றோம். பத்தாயிரத்துக்கு ஆயிரம், பத்து சதவீதம் என்று பதில் வந்தது. தண்டல்காரரும் அப்படித்தான் சொல்வார். கைக்கு வந்தது ஒன்பதாயிரம்தானே என்று ஒருவன் பதினொன்று என்றான். ஐம்பதாவது நாளில் யார் பணம் யாரிடம் இருக்கிறது என்று கேட்டோம். பாதி திரும்பிப் போய்விட்டது. கடைசி நாளில் ஒன்றுமே கையில் இல்லை. சராசரியாக நம்மிடம் இருந்தது நாலாயிரத்து ஐந்நூறுதான். அதற்கு நூறு நாளில் ஆயிரம் வட்டி. 22 சதவீதம். வருடத்துக்கு 81.

வகுப்பு கொஞ்ச நேரம் பேசவில்லை. தாயார் தள்ளுவண்டியில் காய்கறி விற்கும் ஒரு பெண் பிள்ளை மட்டும் எழுதிக்கொண்டே இருந்தாள். "நாங்கள் ஒரு தண்டல் முடிந்ததும் அடுத்ததை வாங்கிவிடுவோம், ஐயா. அப்படியானால் கட்டுகிற நூறில் தினம் பத்து ரூபாய் வட்டி. வருஷத்துக்கு 3,650. முதல் ஒன்பதாயிரம் எப்போதும் எங்களுடையது ஆவதே இல்லை" என்றாள். கணக்கு முற்றிலும் சரி. நாம் சொல்லிக் கொடுக்காததை அவளே போட்டிருந்தாள்.

கந்து வட்டியைத் தடுக்க 2003-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. சட்டம் இருந்தும் தண்டல் நிற்கவில்லை என்பதும், நமது சங்கத்துச் சிறு கடைக்காரர்கள் பலர் தீபாவளிச் சரக்குக்கு இதைத்தான் நம்புகிறார்கள் என்பதும் நாம் அறிந்ததே. அந்த வகுப்புக்குப் பிறகு இரண்டு பிள்ளைகள் தகப்பனாரை அழைத்துக்கொண்டு நமது கடைக்கு வந்தார்கள். ஒருவர் நம் உறுப்பினர். தண்டலுக்குப் பதிலாகச் சரக்கை முப்பது நாள் கடனில் தர முடியுமா என்று கேட்டார். மகன் பக்கத்தில் நின்று கொண்டு, முப்பது நாளில் எத்தனை மூட்டை ஓடும் என்பதைத் தாளில் எழுதி வைத்திருந்தான். கொடுத்தோம். தவணை தவறாமல் வந்துகொண்டிருக்கிறது.

வணிகர்கள் பள்ளிக்கூடத்துக்குச் செய்வது புதிதல்ல. விருதுநகரில் 1889-இல் தொடங்கிய சத்திரிய வித்யாசாலை, வீட்டுக்கு ஒரு பிடி அரிசி சேர்த்து நடத்தப்பட்டது. காமராஜர் படித்த பள்ளி அது. மகமை கொடுத்துப் பள்ளி கட்டியவர்களின் வழியில் வந்தவர்கள் நம்மில் பலர். இப்போது கட்டடத்துக்குப் பணம் கேட்கவில்லை. வாரத்தில் ஒரு மணி நேரமும் காலிப் பொட்டலங்களும்தான்.

பேரம் வரும் என்று பயந்த மூத்த உறுப்பினருக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். பேரம் வரத்தான் செய்தது. கிலோ என்ன விலை, எத்தனை கிராம் என்று கேட்டு வாங்குகிறார்கள். தராசில் பூஜ்யம் நிற்கிறதா, இந்த ஆண்டு முத்திரை இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கிறார்கள். ஆனால் சர்க்கரையில் இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லி அந்த வகுப்புப் பிள்ளைகள் வீட்டிலிருந்து யாரும் கேட்டதாகச் சில்லறை அன்பர்கள் சொல்லவில்லை.

அடுத்த கல்வியாண்டில் வேறு இரண்டு பள்ளிகளும் கேட்டிருக்கின்றன. பத்தாம் வகுப்புக்குப் பொதுத் தேர்வு இருப்பதால் ஒன்பதாம் வகுப்பே வசதி. வர விரும்பும் அன்பர்கள் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். பேசத் தெரிய வேண்டியதில்லை, பில் போடத் தெரிந்தால் போதும். கடையில் சேரும் காலிப் பொட்டலங்களில் எடையும் விலையும் தெளிவாகத் தெரிபவற்றைக் கிழிக்காமல் எடுத்து வையுங்கள். ஒரே சரக்கின் பழைய எடைப் பொட்டலமும் புதிய எடைப் பொட்டலமும் ஜோடியாகக் கிடைத்தால் மிகவும் நல்லது.